வந்தவர்களுக்குத் தமிழ் கற்பிப்போம்

தன்பாத்திலிருந்து புறப்பட்டு, ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து, காட்பாடி, சேலம், ஈரோடு வழியாகத் திருப்பூருக்கு வந்து, பின் ஆலப்புழை நோக்கிச் செல்லும் ரயில்வண்டியிலிருந்து, உட்கார இடம் கிடைத்தவர்களும் கதவோரத்தில் நின்றே பிரயாணம் செய்தவர்களுமாக இறங்கும் இளைஞர்களில் பலருக்கு, தாங்கள் வாழப்போகும் ஊரைப்பற்றி ஒரு கான்ட்ராக்டரின் பெயருக்கும் ஒரு கம்பெனியின் பெயருக்கும் மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் அவர்களில் அநேகமாக எல்லோருடைய சட்டைப்பையிலும் ஒரு கைபேசி இருக்கிறது. ஊரில் இருக்கும் தாயின் முகத்தை இரவில் காட்டுவதும், சனிக்கிழமைச் சம்பளத்தை மறுகணமே வீட்டுக்கு அனுப்பிவைப்பதும், சொந்த பாஷையின் பாட்டுக்களைப் பாடித் தனிமையைத் தணிப்பதும் அந்தக் கருவியே. இவ்வளவு உபகாரங்களைச் செய்யும் அது, பொழுது விடிந்தது முதல் அவர்களைச் சுற்றி ஒலித்துக்கொண்டே இருக்கும் தமிழையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும், அதற்கான ஏற்பாட்டைச் செய்வது தமிழ்நாட்டுச் சர்க்காரின் கடமை என்பதும் என் அபிப்பிராயம்.

விஷயம் சிறியதன்று. சர்க்காருக்காக 2015-இல் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் இருந்த வெளிமாநிலத் தொழிலாளர்களின் தொகையை 10.67 லட்சம் என்று மதிப்பிட்டது. 2001-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் ஏறக்குறைய 1.9 லட்சமாக இருந்த ஹிந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் தொகை, 2011-இல் 3.9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேஜையிலும், நூல் மில்களிலும், சென்னையைச் சுற்றியுள்ள கட்டடங்களின் சாரங்களிலும், திருவள்ளூர்ச் செங்கற்சூளைகளிலும், சிற்றூர்ச் சாப்பாட்டுக் கடைகளின் அடுக்களையிலும் இன்று அவர்களுடைய கைகள் இல்லாமல் வேலை நடப்பதில்லை என்பதைக் கண்ணுள்ள எவரும் அறிவர். அவர்கள் எல்லோரையும் ஹிந்தி பேசுகிறவர்கள் என்று நாம் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம். வாஸ்தவத்தில் போலாங்கீரிலிருந்து வந்தவர் ஒடியாவின் ஒரு கிளைமொழியையும், தும்காவிலிருந்து வந்தவர் சந்தாலியையும், மற்றவர்கள் போஜ்புரி, மைதிலி, வங்காளி, அசாமியம் ஆகியவற்றையும் தாய்ப்பாலோடு பருகியவர்கள். அவர்களில் சிலருக்கு ஹிந்தியே சந்தையிலும் ரயிலிலும் கற்றுக்கொண்ட இரண்டாவது பாஷைதான். ஆகவே ஹிந்தி வழியாகத் தமிழ் கற்பித்துவிட்டால் எல்லோருக்கும் கற்பித்ததாகும் என்று கருதுவது ஆரம்பத்திலேயே வழிதவறுவதாகும்.

‘அவர்களே தாமாகக் கற்றுக்கொள்கிறார்களே, சர்க்கார் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் சப்ளையராகச் சேர்ந்த அசாமிய இளைஞர், ஆறு மாதத்துக்குள் இலை போடுவது முதல் பில் சொல்வது வரை தமிழில் நடத்திவிடுகிறார். மேஜைக்கு வரும் ஒவ்வொருவரும் அவருக்கு ஆசிரியராக இருப்பதே இதற்குக் காரணம். ஆனால் அதே வண்டியில் வந்து, ஊருக்கு வெளியே உள்ள மில்லில் இரவு ஷிப்டில் தம்முடைய ஜில்லாக்காரர்களுடனேயே வேலை செய்து, கம்பெனி கொடுத்த தகரக் கொட்டகையில் அவர்களுடனேயே சமைத்து உண்டு உறங்கும் மற்றோர் இளைஞர், ஐந்து வருஷம் கழிந்த பின்பும் பத்து வார்த்தைகளைத் தாண்டுவதில்லை. முன்னவருக்கு மூளை அதிகம் என்பதோ பின்னவருக்கு ஆர்வம் குறைவு என்பதோ இதன் காரணமாகாது. பேசுவதற்கு மனிதர்கள் கிடைத்தவர் கற்றார், கிடைக்காதவர் கற்கவில்லை.

அந்தப் பத்து வார்த்தைகளுக்கு அப்பால் உள்ள வாழ்க்கை முழுவதையும் அவருக்காகப் பேசுகிறவர் கான்ட்ராக்டர். ஷிப்டுக்கு எத்தனை ரூபாய் என்று முதலாளி சொல்லியதும், அதில் எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பதும், லீவு கேட்டபோது கிடைத்த பதிலும், கை நசுங்கியபோது டாக்டர் சொன்ன விஷயமும் அந்த ஒரு மனிதரின் வாய் வழியாகவே அவரை அடைகின்றன. கான்ட்ராக்டர்களில் நியாயஸ்தர்கள் அநேகர் உண்டு. எனினும், நியாயஸ்தரிடமேயானாலும் தம் கூலியையும் உடம்பையும் பற்றிய செய்திகள் அனைத்தையும் ஒருவர் ஒப்படைத்துவிட்டு வாழ நேர்வது சுதந்திரமான வாழ்க்கை ஆகாது. ‘என் கணக்கில் இரண்டு ஷிப்ட் குறையுதுங்க’ என்ற ஒரு வாக்கியத்தைத் தாமே நேராகச் சொல்லத் தெரிந்த தொழிலாளிக்கு உண்டாகும் பலத்தை, எத்தனை சட்டங்களை இயற்றினாலும் வேறொரு வகையில் உண்டாக்கிவிட முடியாது. சாரத்தின் மேலிருந்து ‘தள்ளு, பலகை விழுது’ என்று கொத்தனார் கூவும்போது கீழே நிற்பவருக்கு அது விளங்காமற்போனால் நேரும் விபரீதத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்ததை நாம் அதற்குள் மறந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் கைபேசிக்குக் கைபேசி பரவி, திருப்பூரிலும் கோவையிலும் ரயில் நிலையங்கள் பீதியடைந்த மனிதர்களால் நிரம்பி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து விசாரிக்கும் நிலை ஏற்பட்டு, போலீஸார் ஹிந்தியில் தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று. வதந்தி எங்கும் பரவக்கூடியதே. ஆனால் பக்கத்து வீட்டாரிடம் ‘இது நிஜமா?’ என்று கேட்கத் தெரிந்தவரையும், டீக்கடையில் நாலுபேர் பேசுவதைக் கேட்டு விளங்கிக்கொள்ளத் தெரிந்தவரையும் அது அவ்வளவு எளிதில் அசைத்திருக்காது. பல வருஷம் நம்மிடையே வாழ்ந்தும் நம் பேச்சு தெரியாதவருக்கு ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த வீடியோவே நம்பத்தக்க சாட்சியாக ஆகிவிட்டது. அன்று பயத்தைச் சுமந்து சென்ற அதே கருவி பாஷையைச் சுமந்து செல்லட்டும் என்பதே என் கோரிக்கை.

வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் கற்பிப்பது இந்நாட்டுக்குப் புதியதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் ஸீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக் குழந்தைகளுடன் உட்கார்ந்து மணலில் எழுத்துக்களை எழுதிக் கற்றார். கிழக்கிந்தியக் கும்பினியின் இளம் உத்தியோகஸ்தர்களுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பதற்காகவே எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஸ்தாபிக்கப்பட்டு, தமிழ்ப் பண்டிதர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். இன்றைக்கும் வடநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்படும் ஐ.ஏ.எஸ். அதிகாரி தமிழ் கற்றுத் தேர்ச்சி பெற்றாக வேண்டும். அதற்குரிய போதனையும் அவருக்கு அளிக்கப்படுகிறது. இங்கிருந்து கடல் கடந்து போனவர்களின் குழந்தைகள் தமிழை இழந்துவிடக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்துடன் 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நம் சர்க்கார் தொடங்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் அது இன்றும் பணி செய்கிறது. ஆள வந்தவருக்குக் கற்பித்தோம். போனவரின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். உழைக்க வந்தவருக்கு மாத்திரம் அந்தக் கதவு ஏன் திறக்கப்படவில்லை?

பிற நாட்டார் இதில் நமக்கு முன்னே போயிருக்கிறார்கள். 2015-இல் ஏறக்குறைய 9 லட்சம் அகதிகள் வந்து சேர்ந்த ஜெர்மனியில், 600 மணி நேர மொழிப் பாடமும் 100 மணி நேர சமூக அறிமுகப் பாடமும் கொண்ட வகுப்புக்கள் ஏற்பட்டிருக்கின்றன. எனினும் அவற்றில் இடம் கிடைக்கும் வரையில் கைகட்டிக் காத்திருக்கலாகாதென்று, அந்நாட்டு அகதிகள் இலாகாவும் கதே நிலையமும் பவேரிய வானொலியும் வேலைவாய்ப்பு இலாகாவும் சேர்ந்து 2016-இல் ‘அன்கோமன்’ என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டன. அரபு, பாரசீகம் முதலிய மொழிகளின் வழியே ஜெர்மன் கற்பித்த அது, ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்கியது. நமக்கு அண்டையிலேயே, கேரளத்தின் எழுத்தறிவு இயக்கம் 2017-இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ‘ஹமாரி மலையாளம்’ என்று ஒரு பாடப்புத்தகத்தையும் தயாரித்து, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பித்தது. கேரளத்தாருக்குச் சாத்தியமானது நமக்கு ஏன் அசாத்தியமாக வேண்டும்?

இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரில் உள்ள திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தார் செய்த முயற்சி இவையெல்லாவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2012-இல் தொடங்கிய ‘மாசெல்டாவ்’ என்ற ஆராய்ச்சியில் பங்குகொண்ட அவர்கள், குடியேறியவர் ஒரு நகரத்தில் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்துக்கு வேண்டிய பேச்சை அங்கேயே கைபேசி கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பின்னர் ஊர் வீதிகளிலேயே பரீட்சித்தார்கள். பொது இடங்களில் வைத்த சிறிய புளூடூத் கருவிகள், பக்கத்தில் வருகிறவரின் கைபேசிக்கு அவ்விடத்துக்குரிய ஒரு சிறு பாடத்தை நினைவூட்டின. நமக்கு அத்தகைய கருவிகள் கூட வேண்டியதில்லை. இளநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் சதுரப் படத்தைக் கைபேசியால் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கப் பழகிவிட்ட தேசம் இது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு அருகில் அத்தகைய படம் ஒன்றை ஒட்டி, ஸ்கேன் செய்தவுடன் ‘மூணு நாளா காய்ச்சலுங்க’, ‘எந்த ரூமுக்குப் போகணும்?’, ‘மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்பனவற்றை ஒடியாவிலும் வங்காளியிலும் பொருள் சொல்லித் தமிழில் ஒலிக்கச் செய்வதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? 2020 அக்டோபர் முதல் வெளிமாநிலத்தாரும் தம் குடும்ப அட்டையைக் கொண்டு நம் ரேஷன் கடைகளில் அரிசி வாங்கலாம் என்று ஏற்பட்டிருக்கிறது. அந்தக் கடை வாசலிலும் ஒன்று இருக்கட்டும். பஸ் நிலையத்திலும், தொழிலாளர் அலுவலகத்திலும், கம்பெனியின் நோட்டீஸ் பலகையிலும் ஒவ்வொன்று இருக்கட்டும். தேவை பிறக்கும் இடத்திலேயே சொல்லும் கிடைத்தால், அது மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிடும்.

எழுத்தறியாதவர்களும், பெரிய திரை இல்லாத பழைய கைபேசியை வைத்திருப்பவர்களும் பலர். அவர்களுக்குக் குரலே வழி. 2010-இல் சத்தீஸ்கரில் சுப்ரான்ஷு சௌதுரி தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ என்ற அமைப்பில், காட்டு கிராமத்துக் கோண்டு மக்கள் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துத் தங்கள் மொழியிலேயே செய்தி சொல்லவும் கேட்கவும் முடிந்தது. அதிலே எழுத்து என்ற தடையே குறுக்கிடவில்லை. அதே முறையில், இரவு எட்டரை மணிக்கு வேலை முடிந்து படுக்கப் போகும் முன் தொழிலாளி ஒரு எண்ணை அழைத்தால், மூன்று நிமிஷத்துக்கு ஒரு சிறு சம்பாஷணையை அவருடைய மொழியின் துணையோடு கேட்டு, திரும்பச் சொல்லிப் பார்த்து, மறுநாள் அதை ஒரு மனிதரிடம் பேசிவிட்டு வரும்படி அந்தக் குரல் கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கடைசி அம்சத்தை நான் மிகவும் வற்புறுத்துவேன். மனிதரிடம் கொண்டுபோய் விடாத கைபேசிப் பாடம், கொட்டகையில் தனியே கிடக்கிறவரை இன்னும் தனியராக்கிவிடும்.

எந்தத் தமிழைக் கற்பிப்பது என்பது அடுத்த பிரச்னை. மத்திய சர்க்கார் 2021-இல் வெளியிட்ட ‘பாஷா சங்கம்’ செயலி, 22 மொழிகளில் நூற்றுக்கு மேற்பட்ட அன்றாட வாக்கியங்களைத் தருகிறது, நல்ல முயற்சியே. ஆனால் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக அமைந்த வாக்கியங்கள் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் போதா. ரயில் நிலையங்களில் விற்கும் 30 நாளில் பாஷை கற்பிக்கும் புத்தகங்களோ, தெருவில் எவரும் பேசாத இலக்கண சுத்தமான தமிழைக் கற்பிக்கின்றன. ‘எனக்கு விடுமுறை வேண்டும்’ என்று பாடம் பண்ணியவருக்கு, ‘லீவு வேணுமா? எதுக்கு?’ என்று சூபர்வைசர் கேட்கும்போது தாம் கற்றது எங்கே போயிற்று என்று திகைப்பே உண்டாகும். எழுத்துத் தமிழின் மீது எனக்குள்ள பக்தி எவருக்கும் குறைந்ததன்று. எனினும் வந்தவருக்கு முதலில் வேண்டியது வாய்ப்பேச்சு, அதிலும் அவர் வாழும் ஜில்லாவின் வாய்ப்பேச்சு. எழுத்து, ஆசை பிறந்தவர்க்குப் பின்னால் வரட்டும்.

பேச்சிலே மரியாதை என்ற ஒன்றும் இருக்கிறதல்லவா? புதிதாக வந்தவர்களை நம்மவர்களில் அநேகர் ஒருமையிலேயே ஏவுகிறார்கள். ‘வா’, ‘எடு’, ‘போடு’ என்று மாத்திரமே மாதக்கணக்கில் கேட்ட காது, நாக்குக்கு அதையே கற்றுக்கொடுக்கிறது. அவர் ஒரு நாள் வீட்டுக்காரப் பெரியவரிடம் போய், மனத்திலே முழு மரியாதையை வைத்துக்கொண்டு, ‘நீ வாடகை வாங்கு’ என்று சொல்லும்போது பெரியவருக்குக் கோபம் வருகிறது. சொல்லுக்குச் சொல் ‘ங்க’ சேர்த்துப் பேசும் கொங்கு நாட்டிலே அந்தக் கோபம் இன்னும் அதிகமாக இருக்கும். தவறு கற்றவருடையதன்று, கற்பித்த நம்முடையதே. ஆகவே கைபேசிப் பாடத்தில் முதல் நாளே மரியாதைப் பன்மை இருக்க வேண்டும். அவரிடமும் நாம் அதைப் பேச வேண்டும். இந்த இரண்டாவது காரியத்துக்குச் செயலி எதுவும் வேண்டியதில்லை.

இக்காலத்து மொழிபெயர்ப்பு யந்திரங்கள் வந்தபின் பாஷை கற்கும் சிரமம் எதற்கு என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். கைபேசியிடம் ஹிந்தியில் பேசினால் அது தமிழில் பேசிவிடுகிறது; ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு அது பெரிய சகாயந்தான். ஆனால் அது காரியத்தை முடித்துக் கொடுக்கிறதே ஒழிய பாஷையைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. யந்திர இரைச்சலுக்கு நடுவே, இரண்டு கைகளும் துணியைப் பிடித்திருக்கும்போது அதை எடுத்துப் பேசவும் முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலையிடங்களில் நம்மவர்கள் உடைந்த ஹிந்தியைக் கற்றுக்கொண்டு அதிலேயே வேலை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். சௌகரியத்துக்காகச் செய்யப்படும் இந்த ஏற்பாட்டால் வந்தவர் தமிழ் கேட்கும் வாய்ப்பையும் இழக்கிறார். தமிழின் உயர்வைப்பற்றி மேடைகளில் பேசும் நாம், பத்து லட்சம் பேர் தமிழ் கேட்க வந்திருக்கும்போது அதை அவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமாகுமா?

கொடுப்பது வேறு, திணிப்பது வேறு. ஒரு பாஷையைக் கட்டாயமாக்குவதன் வேதனையை 1938-லும் 1965-லும் அனுபவித்த ஜனங்கள் நாம். தமிழ் தெரிந்தால்தான் ரேஷன், தமிழ் தெரிந்தால்தான் வேலை என்ற நிபந்தனை எதையும் நாம் மறந்தும் விதிக்கலாகாது. அதுபோலவே, தமிழ்ப் பாடம் கேட்க வருகிறவரின் பெயர், ஆதார் எண், இருப்பிடம் ஆகியவற்றைப் பதிவு செய்து போலீஸ் நிலையத்துக்கோ கம்பெனி முதலாளிக்கோ அனுப்பும் கருவியாக அந்தச் செயலி மாறிவிடக் கூடாது. கற்பிக்க வந்தது கண்காணிக்கவும் வந்திருக்கிறது என்ற சந்தேகம் ஒருமுறை தோன்றிவிட்டால் எவரும் அதைத் தொடமாட்டார்கள். தொடாதிருப்பதே அவர்களுக்கு க்ஷேமம் என்றும் நான் சொல்லுவேன். பெயர் கேளாமல், கட்டணம் கேளாமல் கற்பிக்கும் பாடமே வேண்டும்.

அநேகமாக எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது என்று முதலில் சொன்னேன். பெண்கள் விஷயத்தில் அது முழுதும் பொருந்தாது. மத்திய சர்க்காரின் கிராமியத் திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஒடிசாவில் தையல் பழகித் திருப்பூர், கோவைப் பக்கங்களுக்கு அனுப்பப்படும் இளம்பெண்களில் அநேகர் கம்பெனி ஹாஸ்டல்களில் வசிக்கிறார்கள். மில் ஹாஸ்டல்கள் சிலவற்றில் கைபேசி வைத்துக்கொள்ளவும், தனியே கடைவீதிக்குப் போகவும் தடை உண்டு. பாதுகாப்பு என்ற பெயரில் விதிக்கப்படும் இந்தத் தடை, பாஷை கற்கும் இரண்டு வழிகளையும், அதாவது கருவியையும் மனிதர்களையும், ஒருசேர அடைத்துவிடுகிறது. இங்கே எந்தச் செயலியும் பிரயோஜனப்படாது. தொழிலாளர் இலாகா தலையிட்டு அந்தப் பெண்களுக்குக் கைபேசியையும் ஞாயிற்றுக்கிழமையையும் மீட்டுக் கொடுப்பதே இந்த முயற்சியின் முதற்பாடமாக இருக்க வேண்டும்.

தமிழ் இணையக் கல்விக்கழகமும் தொழிலாளர் இலாகாவும் சேர்ந்து, ஒரு ஜில்லாவில், ஒடியா ஒன்றின் வழியாக மட்டும் இதைத் தொடங்கட்டும். திருப்பூரே அதற்குத் தகுந்த இடம். வேலை நேரத்திலேயே வாரம் அரைமணி, சம்பளம் பிடிக்காமல், தமிழ்ப் பேச்சுக்கு விடும்படி ஏற்றுமதிக் கம்பெனிகளைக் கேட்கலாம். பாடங்களைத் தயாரிக்கப் பண்டிதர்களை மட்டும் தேட வேண்டாம். பதினைந்து வருஷத்துக்கு முன் அதே ரயிலில் வந்து, இன்று டெய்லராகவும் செக்கிங் சூபர்வைசராகவும் உயர்ந்து, தம் பிள்ளைகளை இங்குள்ள சர்க்கார் பள்ளியில் சேர்த்து, வீட்டுக்காரரோடும் வாத்தியாரோடும் சரளமாகத் தமிழ் பேசும் ஒடியாக்காரர்கள் அவ்வூரின் தெருக்களிலேயே இருக்கிறார்கள். எந்தச் சொல் எந்த இடத்தில் கைகொடுத்தது, எது தெரியாமல் எங்கே அவமானப்பட்டோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. பாடங்களை அவர்கள் சொல்லட்டும், அவர்களுடைய குரலிலேயே பதிவாகட்டும். பண்டிதர்கள் திருத்திக் கொடுக்கட்டும். பாடம் சொல்லும் அந்த ஒடியாக்காரர்களுக்கு ஆசிரியர்களுக்குரிய சம்பளத்தையே கொடுக்க வேண்டும்.